மரச்சட்டமும் லேசர் பெட்டியும்

இந்தப் பொங்கலுக்கு என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஒளியியல் கருவிகள் செய்யும் ஒரு தனியார் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. அங்கே என்ன செய்கிறான் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. இந்தத் தடவை சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன்.

"ராணுவத்துல லேசர் தூரமானி, குறிபார்க்கிற காமிரா எல்லாம் இருக்கில்ல மாமா? அதெல்லாம் சரியா வேலை செய்யுதான்னு சோதிக்கிற பெட்டி. கையில தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும். அதான் கஷ்டம்."

"தூக்கிட்டுப் போறதுல என்னடா கஷ்டம்?"

"நீங்க ஆபீஸ்ல பார்த்ததுதான் மாமா. எடைக்கல் பெட்டி. கடைக்காரன் கல்லைவிட உங்க கல்லு சரியா இருக்கணும். ஆனா கடைக்காரன் கல்லு கடையிலேயே கிடக்கும். உங்க கல்லுதான் பஸ்ஸுல ஊர் ஊரா குலுங்கிட்டுப் போகும்."

அதற்குமேல் அவன் தன் வேலையைப் பற்றிப் பேசவில்லை. ராணுவ சமாசாரம், நானும் தோண்டவில்லை. ஆனால் அவன் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. அரசு வேலையில் நான் மாறிய பல நாற்காலிகளில் ஒன்று, கடைத் தராசுகளுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை வைக்கும் அலுவலகத்தில் இருந்தது. ஊர் பெயர் வேண்டாம், காரணம் பின்னால் தெரியும். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: என் பெரியப்பாவின் மரச்சட்டம். பிறகு சில வாரங்கள் தமிழிலும் பிரெஞ்சிலும் கிடைத்ததை எல்லாம் படித்தேன். படித்ததையும் நினைவில் இருந்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

புதுச்சேரிக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு ஒரு விளக்கம். பிரெஞ்சுப் படையில் சேவை செய்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். பெரியப்பா ஒரு சொல்தா. இந்தோசீனாவில் பீரங்கிப் படையில் இருந்தவர். அவர் பீரங்கி சுடவில்லை. இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் தூரமானி அவர் பொறுப்பில் இருந்தது. பிரெஞ்சில் அதற்குத் 'தெலெமெத்ர்' என்று பெயர். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்ததால் என்னிடம் பேசும்போது பாதி வார்த்தை பிரெஞ்சில் வரும். ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் போரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அந்தக் கருவியோடு கொடுக்கப்பட்ட ஒரு சட்டத்தைப் பற்றித்தான் பேசுவார். "குழாயைக் கீழே போட்டாக்கூட திட்டு வாங்கினதோட போச்சு. சட்டத்தைக் கீழே போட்டா அவ்வளவுதான்" என்பார்.

குழாய் என்றது தூரமானியை. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் சட்டத்தின் அருமை புரியும்.

கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். விரல் இடம் மாறுவது போல் தெரியும். விரலைத் தள்ளிப் பிடித்தால் மாறுவது குறையும். தூரமானியும் இதைத்தான் செய்கிறது. ஒரு நீளக் குழாயின் இரு முனைகளிலும் இரண்டு கண்கள். இரண்டும் பார்க்கும் பிம்பங்களை நடுவில் ஒன்றாக்கிக் காட்டுவார்கள். அவை பொருந்தும் வரை ஒரு திருகைத் திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்பினோம் என்பதிலிருந்து தூரம் தெரியும்.

1888ல் பிரிட்டிஷ் ராணுவ அலுவலகம் காலாட்படைக்குத் தூரமானி வேண்டும் என்று 'எஞ்சினியரிங்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. லீட்ஸ் நகரத்து யார்க்ஷயர் கல்லூரியில் இரண்டு பேராசிரியர்கள் அதைப் பார்த்தார்கள். ஆர்ச்சிபால்ட் பார் பொறியியல் ஆசிரியர், வில்லியம் ஸ்ட்ரவுட் இயற்பியல் ஆசிரியர். இருவரும் சேர்ந்து ஒரு கருவி செய்து அனுப்பினார்கள். 1889ல் ஆல்டர்ஷாட்டில் நடந்த பரிசோதனையில் அது தோற்றது. ராணுவம் வாட்கின் என்ற அதிகாரியின் கருவியை எடுத்துக்கொண்டது. இருவரும் விடவில்லை. 1892ல் அரெதூசா என்ற போர்க்கப்பலில் வைத்துப் பார்த்த கடற்படை திருப்தியடைந்து ஆறு கருவிகள் கேட்டது. பார் அண்ட் ஸ்ட்ரவுட் என்ற பெயர் அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்தின் பல கடற்படைகளுக்குத் தெரிந்த பெயர்.

இனி கொஞ்சம் கணக்கு. கண்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் தூரத்தில் உள்ள பொருளை அவை பார்க்கும் கோணம் சுமார் 206 விகலை. பஞ்சாங்கத்தில் வருகிற அதே விகலைதான், ஒரு பாகையில் 3600ல் ஒரு பங்கு. அதே பொருள் 1010 மீட்டரில் இருந்தால் கோணம் 204 விகலை. பத்து மீட்டர் வித்தியாசத்தைக் காட்டுவது வெறும் இரண்டு விகலை. ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவன் சட்டைப் பொத்தானின் அகலம் நம் கண்ணுக்கு எவ்வளவு கோணமோ, அவ்வளவு. குழாயின் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டு நூலளவு வளைந்தாலும் இந்த இரண்டு விகலை போய்விடும். கழுதை மேல் ஏற்றிப் போனால் போய்விடும். லாரியில் போனால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே தூரமானி கண்டுபிடித்த அன்றே அதைக் களத்தில் சோதிக்கும் கருவியும் தேவைப்பட்டது. தூரம் தெரிந்த ஒரு கோபுரத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம். போர்க்களத்தில் அளந்து வைத்த கோபுரத்துக்கு எங்கே போவது? அதற்குக் கிடைத்த விடைதான் பெரியப்பாவின் சட்டம்.

சட்டத்தில் இரண்டு குறிகள் இருக்கும். அவற்றின் இடைவெளி தூரமானியின் இரு கண்களின் இடைவெளிக்குச் சரிசமம். ஒரு ஆள் சட்டத்தை எடுத்துக்கொண்டு நூறு மீட்டர் போல நடந்து போய் நேர் எதிரே பிடித்து நிற்பான். இடக் கண் இடக் குறியையும் வலக் கண் வலக் குறியையும் பார்க்கும். இரண்டு பார்வைக் கோடுகளும் ரயில் தண்டவாளம் போல இணையாக இருக்கும். பார்வைக் கோடுகள் இணையாக இருப்பது எப்போது? பொருள் முடிவில்லாத் தூரத்தில் இருக்கும்போது. ஆகவே இரண்டு குறிகளையும் பொருத்தினால் கருவி 'முடிவிலி' என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகை அதற்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு நயம் இருக்கிறது. சட்டத்தை நூறு மீட்டரில் பிடித்தால் என்ன, நூற்றிருபதில் பிடித்தால் என்ன? தண்டவாளம் தண்டவாளம்தான். சட்டம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளக்கவே தேவையில்லை. சோதிப்பவன் செய்யக்கூடிய பெரிய பிழை ஒன்று விடையில் கலக்காமலே போய்விடுகிறது.

ஆனால் எல்லாப் பிழையும் அப்படிப் போகாது. சட்டத்தின் குறிகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால்? நூறு மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது அதே இரண்டு விகலை. அந்தச் சட்டத்தை நம்பிச் சரிசெய்த தூரமானி ஆயிரம் மீட்டரில் பத்து மீட்டர் தவறாகச் சொல்லும். நாலாயிரம் மீட்டரில் 160 மீட்டர் தவறாகச் சொல்லும், ஏனென்றால் இந்தப் பிழை தூரத்தின் வர்க்கமாக வளரும். சட்டத்தை இரண்டரைப் பாகை சாய்த்துப் பிடித்தாலே அந்த ஒரு மில்லிமீட்டர் குறைந்துவிடும். ஆகையால் பிடிப்பவன் நேரே பார்த்துப் பிடிப்பதற்குச் சட்டத்தின் நடுவிலேயே ஒரு சின்னப் பார்வைத் துளை வைத்தார்கள். பெரியப்பா சட்டத்தைத் துணியில் சுற்றித் தன் படுக்கையில் வைத்துக்கொண்டு தூங்கினார் என்று சொன்னால் நாங்கள் சிறுவர்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். 160 மீட்டர் என்பது குண்டு எதிரி மேல் விழுவதற்கும் பக்கத்துக் கிராமத்தின் மேல் விழுவதற்கும் உள்ள தூரம்.

சட்டத்தின் மேலேயே சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். மேலே கையைக் காட்டி "லா லூன்" என்றார். நிலா. ஒரு மீட்டர் குழாய்க்கு நிலா முடிவில்லாத் தூரத்தில்தான் இருக்கிறது. அதன் விளிம்பைப் பொருத்தி முடிவிலி வருகிறதா என்று பார்ப்பார்களாம். யாராலும் கீழே போட முடியாத சட்டம் அது.

இதே காலத்தில் பீரங்கிக்காரர்களிடம் இன்னொரு எளிய சோதனையும் இருந்தது. பீரங்கி பார்க்கும் திசையும் குறிபார்க்கும் தொலைநோக்கி பார்க்கும் திசையும் ஒன்றா என்று அறிய, குழல் வாயில் இரண்டு நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டுவார்கள். பின்பக்கத்து வெடியூசித் துளை வழியாகப் பார்த்து, நூல் கூடும் இடம் தொலைவில் உள்ள ஒரு மரத்தின் மேல் விழும்படி குழலைத் திருப்புவார்கள். பிறகு தொலைநோக்கியின் குறுக்குக் கோடும் அதே மரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். செலவு அரை முழம் நூல். அச்சு ஒத்துப் பார்ப்பது என்ற இந்த வேலை லேசர் காலத்திலும் தொடர்கிறது. நூல் மட்டும்தான் போதவில்லை.

நம் ஆவடியில் 1965லிருந்து செய்யப்பட்ட விஜயந்தா டாங்கிக்கு ஆரம்பத்தில் தூரமானிக் குழாய் கிடையாது. பீரங்கியோடு சேர்ந்து திரும்பும் ஓர் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. அதிலிருந்து ஒளிவிடும் குண்டுகளைச் சுட்டு, அவை எங்கே விழுகின்றன என்று பார்த்துத் தூரத்தைத் தீர்மானிப்பார்கள். சரியாகத்தான் வேலை செய்யும். ஆனால் 'இதோ வருகிறேன்' என்று எதிரிக்குத் தந்தி அடித்த மாதிரி.

1960 மே 16ல் கலிபோர்னியாவில் தியடோர் மெய்மன் செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார். அடுத்த வருஷமே அவர் வேலை செய்த ஹியூஸ் நிறுவனம் லேசரை வைத்துத் தூரம் அளந்து காட்டியது. ஒரு துடிப்பு ஒளியை அனுப்பு, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அள, ஒரு மைக்ரோ செகண்டுக்கு 150 மீட்டர் என்று கணக்குப் போடு. கோணம் இல்லை, விகலை இல்லை, நீளக் குழாய் இல்லை. 1970களில் டாங்கிகளில் பழைய தூரமானிகளின் இடத்துக்கு லேசர் வந்துவிட்டது. ஆவடியில் பின்னால் செய்யப்பட்ட டி-72 டாங்கியிலும் லேசர்தான்.

பெரியப்பாவின் சட்டத்துக்கு வேலை போயிற்று என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் சோதனை வேலை மும்மடங்கு ஆயிற்று.

முதல் கேள்வி, லேசர் போதிய பலத்தோடு புறப்படுகிறதா? இரண்டாவது, திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கும் காது சரியாக இருக்கிறதா? இலக்கில் பட்டுச் சிதறித் திரும்புவது மிக மிகக் கொஞ்சம். பத்துக் கிலோமீட்டர் அளக்க வேண்டிய கருவியின் காது மந்தமானால், இரண்டு கிலோமீட்டர் வரை நன்றாக அளந்துகொண்டே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. தேவைப்படும் அன்றைக்குத்தான் தெரியும். மூன்றாவது, வீரன் குறுக்குக் கோட்டை வைத்த இடத்துக்கே லேசர் போகிறதா?

மூன்றாவது கேள்விதான் பொல்லாதது. மாணிக்க லேசர் சிவப்பு, கண்ணுக்குத் தெரியும். 1964ல் பெல் ஆய்வகத்தில் உருவான நியோடிமியம் லேசர்தான் பிறகு ராணுவக் கருவிகளில் பரவியது. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியாதே தவிர, கண் பாவை வழியாக உள்ளே போய் விழித்திரையில் குவியும், பார்வையையே கெடுத்துவிடும். குழல் வாயில் நூல் கட்டிக் கண் வைத்துப் பார்க்கும் காலம் அதோடு முடிந்தது.

லேசர் வெறும் தூரம் அளப்பதோடு நிற்கவும் இல்லை. 1968ல் வியட்நாமில் அமெரிக்கர்கள் லேசர் வழிகாட்டும் குண்டைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் இலக்கின் மேல் லேசரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பார். குண்டு அந்த வெளிச்சப் புள்ளியைத் தேடிப் போய் விழும். 1965லிருந்து எத்தனையோ முறை தாக்கியும் வீழாத தான் ஹோவா பாலம் 1972 மே 13 அன்று இந்தக் குண்டுகளுக்கு வீழ்ந்தது. நமக்கு நெருக்கமான உதாரணம் கார்கில். 1999 ஜூன் 24 அன்று நம் விமானப்படையின் மிராஜ் விமானங்கள் டைகர் ஹில் மேல் போட்டது இதே வகைக் குண்டு.

காமிரா பார்க்கும் கோடும் லேசர் போகும் கோடும் ஒரு மில்லிரேடியன் விலகினால், ஐந்து கிலோமீட்டரில் ஐந்து மீட்டர் விலகும். காமிராத் திரையில் குறுக்குக் கோடு பதுங்குகுழியின் மேல்தான் நிற்கும். வெளிச்சப் புள்ளி பக்கத்தில் எங்கோ இருக்கும். குண்டு புள்ளியைத்தான் நம்பும், திரையை அல்ல. குண்டு போடுவது நியாயமா என்பது வேறு கட்டுரை. போடுகிறவன் எங்கே போடுகிறோம் என்று நிச்சயமாக அறிந்திருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

தொடக்கத்தில் இதைச் சோதிக்கத் தொலைவில் பெரிய பலகையை நட்டு லேசரைச் சுட்டார்கள். கருகும் தாளையும் போலராய்டு படச் சுருளையும் வைத்து, கருகிய புள்ளி எங்கே விழுகிறது என்று அளந்தார்கள். அல்லது கருவியைக் கழற்றிப் பெரிய பணிமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பாறை போன்ற மேசையில் வைத்து அழகாகச் சரிசெய்வார்கள். பிறகு அது லாரியிலும் ரயிலிலும் மறுபடி களத்துக்குப் போகும். போய்ச் சேரும்போது சரிசெய்தது சரியாகவே இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? ஆகவே பணிமனையையே பெட்டிக்குள் வைத்து மலை மேல் கொண்டுபோக வேண்டியதாயிற்று. என் அக்கா மகன் சொன்ன கஷ்டம் இங்கே ஆரம்பிக்கிறது.

பெட்டிக்குள் ஐந்து கிலோமீட்டர் தூரத்தை எப்படி அடைப்பது? பள்ளியில் படித்ததுதான். குவி லென்ஸின் குவியத்தில் ஒரு புள்ளியை வைத்தால் மறுபக்கம் கதிர்கள் இணையாக வரும். மறுபக்கத்திலிருந்து பார்ப்பவருக்குப் புள்ளி முடிவில்லாத் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். இதற்குக் காலிமேட்டர் என்று பெயர். சட்டம் நூறு மீட்டரில் செய்ததை இது ஒரு முழத்துக்குள் செய்கிறது.

ஆனால் எல்லாம் சுருங்கும்போது பிழையின் அளவும் சுருங்குகிறது. குவிய தூரம் 30 சென்டிமீட்டர் என்றால், பத்தில் ஒரு மில்லிரேடியன் என்பது பெட்டிக்குள் 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் கனத்தில் பாதி கூட இல்லை. அதே 30 சென்டிமீட்டர் அலுமினியக் குழாய் வெப்பம் 40 டிகிரி மாறினால் கால் மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். புள்ளி குவியத்தை விட்டு நகர்ந்துவிடும், கதிர்கள் இணையாக வராது. ராஜஸ்தான் கோடைக்கும் லடாக் குளிருக்கும் உள்ள வித்தியாசம் 40 டிகிரியைவிட அதிகம்.

இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு, அதுவும் எங்கள் எடையளவுக் குடும்பத்திலிருந்து வந்தது. பாரிஸ் அருகே செவ்ரில் சர்வதேச எடையளவு நிலையம் இருக்கிறது. அங்கே வேலை செய்த சுவிஸ் நாட்டவர் ஷார்ல் எதுவார் கியோம், விலை மலிவான அளவுகோல் உலோகம் தேடும்போது, 1896ல் இரும்பும் நிக்கலும் சேர்ந்த ஒரு கலவை வெப்பத்துக்கு ஏறக்குறைய நீளாமலே இருப்பதைக் கண்டார். 'மாறாதது' என்ற பொருளில் அதற்கு இன்வார் என்று பெயர். அதற்காக 1920ல் நோபல் பரிசு பெற்றார். அலுமினியம் நீள்வதில் இருபதில் ஒரு பங்குதான் இன்வார் நீளும். ஆனால் எடை அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு. மலை ஏறும் ஜவானின் முதுகுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. லென்ஸை எடுத்துவிட்டு வளைந்த கண்ணாடிக்குப் பதில் வளைந்த அலுமினியத் தகட்டையே பளபளப்பாக்கி வைக்கிறார்கள். குழாயும் அலுமினியம், ஆடியும் அலுமினியம். வெயிலில் குழாய் நீளும். ஆடியும் அதே விகிதத்தில் பெரிதாகும், அதன் குவியமும் அதே அளவு தள்ளிப்போகும். புள்ளி குவியத்திலேயே நிற்கும். நீளாமல் தடுக்கவில்லை, எல்லாம் சேர்ந்து நீளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் வெயில் அடித்தால் இந்த வித்தையும் பலிக்காது, அதற்கு வெள்ளை உறையும் நிழலும் வேண்டும்.

அடுத்தது, சோதிக்கப்படும் பொருளே சோதிக்கும் பெட்டியைக் கொன்றுவிடும் ஆபத்து. ஒரு துடிப்பின் ஆற்றல் 100 மில்லிஜூல், அது வரும் நேரம் 20 நானோ செகண்டு என்றால், அந்தக் கணத்தில் பலம் 50 லட்சம் வாட். அதைக் காலிமேட்டர் ஒரு புள்ளியில் குவித்தால் அங்கே இருக்கும் எதுவும் பொசுங்கும். கறுப்புக் கண்ணாடிகளால் லட்சக்கணக்கான மடங்கு மங்கலாக்கிய பிறகுதான் உள்ளே விட முடியும். காதைச் சோதிப்பதும் கறுப்புக் கண்ணாடியால்தான். காது டாக்டர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் எப்போது கேட்கவில்லை என்கிறோம் என்று பார்ப்பதில்லையா? அது போல ஒளியைக் குறைத்துக்கொண்டே போய், கருவி எப்போது தூரம் சொல்வதை நிறுத்துகிறது என்று பார்ப்பார்கள்.

தூரத்தைச் சோதிக்க ஒரு கண்ணாடி இழைச் சுருள் போதும். நம் இன்டர்நெட் வருகிற இழைதான். லேசரை ஒரு முனையில் விட்டு மறு முனையைக் கருவியின் காதுக்குக் காட்டினால், ஒரு கிலோமீட்டர் இழைக்குச் சுமார் 735 மீட்டர் என்று கருவி சொல்ல வேண்டும். கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போகும், ஆனால் கருவியோ போக வர இரண்டு வழிக் கணக்குப் போடும். இரண்டையும் சேர்த்தால் வருவது இந்த எண். அது மாறினால் கடிகாரம் தவறு.

அச்சு ஒத்துப் பார்ப்பதற்கும் ஓர் அழகான உபாயம் இருக்கிறது. மூன்று கண்ணாடிகளை அறை மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்வது போலச் செங்குத்தாக ஒட்டினால், அதில் எந்தக் கோணத்தில் ஒளி விழுந்தாலும் வந்த திசைக்கே இணையாகத் திரும்பும். இதைக் கருவியின் முன்னால் பிடித்தால், லேசரும் காமிராவும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். லேசர் புள்ளி குறுக்குக் கோட்டின் மேல் தெரிகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. கை நடுங்கினாலும் கவலை இல்லை, மூலை சாய்ந்தாலும் கவலை இல்லை. தொழிற்சாலையில் அந்த மூன்று செங்கோணங்களைச் சரியாக ஒட்டினால் போதும். சந்திரனில் 1969ல் அப்பல்லோ 11 வீரர்கள் வைத்துவிட்டு வந்ததும் இத்தகைய மூலைகள் நூறு கொண்ட ஒரு தட்டுதான். 1970ல் ரஷ்யர்கள் இறக்கிய லூனகோத் வண்டியில் இருந்த மூலைகள் பிரான்சில் செய்தவை. பூமியிலிருந்து லேசர் அடித்தால் இன்றும் பதில் சொல்கின்றன. அங்கே போய் நிமிர்த்தி வைக்க ஆள் தேவைப்படவில்லை.

பெரியப்பாவின் சட்டம், அலுமினிய ஆடி, மூலைக் கண்ணாடி. மூன்றிலும் ஒரே புத்திதான் எனக்குத் தெரிகிறது. களத்துக்குப் போகும் சோதனைக் கருவியை என்றைக்கும் பழுதில்லாமல் வைத்திருக்க முடியாது. அதன் பழுது விடையில் கலக்காதபடி செய்துவிடு. இதை முதலில் தராசில் செய்து காட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போர்தா, பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். ஒரு தட்டில் பொருளை வைத்து மறு தட்டில் மணல் கொட்டிச் சமன் செய். பொருளை எடுத்துவிட்டு அதே தட்டில் எடைக்கற்களை வை. மறுபடி சமன் ஆகும்போது தட்டில் இருக்கும் கற்கள்தான் பொருளின் எடை. தராசின் கை ஒன்று நீளமாக இருந்தாலும் பாதகமில்லை.

இந்த முறையை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. முன்பே படித்திருந்தால் ஒரு காரியம் நடந்திருக்காது.

நான் மேலே சொன்ன அலுவலகத்தில் இருந்தபோது எங்கள் ஆய்வாளர் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை ஒன்றைச் சோதித்தார். கூடவே கொண்டுபோன தராசில் நிறுத்தபோது கடைக்காரரின் கற்கள் எடை குறைவு. நோட்டீஸ் தட்டச்சு செய்தவன் நான். அவர் அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை. "என் கல்லை நீங்க நிறுத்தீங்க. உங்க தராசை யாருங்க நிறுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். "அதெல்லாம் முறைப்படி நடக்கும். கட்டிட்டுப் போங்க" என்றேன். கட்டினார். கடைத் தெருவில் அவர் பெயர் கெட்டது அந்தத் தொகையில் சேராது.

இரண்டு மாதம் கழித்து எங்கள் தராசு தன் முறைக்குச் சோதனைக்குப் போனது. நடுக் கத்திமுனை சிதைந்து ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. எந்தப் பயணத்தில் விழுந்ததோ. அந்த இரண்டு மாத நோட்டீஸ்களை மறுபடி பார்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கோப்பு 'நடவடிக்கை தேவையில்லை' என்று திரும்பி வந்தது. நானும் அதைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். அன்று கடையிலேயே கற்களைத் தட்டு மாற்றி நிறுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சோதிக்கும் கருவி தவறினால் இரண்டு வகையில் கெடுதி. கெட்டதை நல்லது என்று விட்டுவிடலாம், அது எல்லோருக்கும் தெரிந்த பயம். நல்லதைக் கெட்டது என்றும் ஒதுக்கலாம், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ராணுவத்தில் அப்படி ஒதுக்கிய கருவி பணிமனைக்குப் போய், 'பழுது எதுவும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வரும். அதுவரை முன்னணியில் ஒரு கண் குறைவு. சோதிக்கும் கருவி, சோதிக்கப்படுவதைவிடப் பத்து மடங்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி வைத்திருந்தார்கள். கருவிகள் நுட்பமாக ஆக ஆக அது கட்டுப்படியாகவில்லை. நாலு மடங்கு போதும் என்று இறங்கி வந்தார்கள். அந்த நாலு மடங்கும் நிலைக்க வேண்டுமென்றால் பெட்டியைக் குறித்த நாளில் அதற்கு மேலான கருவியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதையும் அதற்கு மேலானதிடம் காட்ட வேண்டும். கடைக் கல்லுக்கு மேல் ஆய்வாளர் கல், அதற்கு மேல் ஆய்வகக் கல் என்று நாங்கள் போன படிக்கட்டுதான்.

போன வாரம் அக்கா மகனுக்குப் போன் செய்தேன். "உங்க பெட்டியை யாருடா சோதிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"குறிச்ச தேதிக்குத் திரும்பி வந்தாகணும் மாமா. மூடி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம், எப்ப சோதிச்சது, அடுத்தது எப்பன்னு. தேதி தாண்டிடுச்சுன்னா பெட்டி நல்லா வேலை செஞ்சாலும் தொடக்கூடாது. எதுக்குக் கேக்கறீங்க?"

சும்மாதான் என்றேன். அந்த மளிகைக் கடைக்காரர் இன்று உயிரோடு இருந்தால் தொண்ணூறு வயது இருக்கும். அன்று எங்கள் தராசுப் பெட்டியின் மேல் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், கேட்ட கேள்விக்கு அதைக் காட்டியாவது ஒரு பதில் சொல்லியிருப்பேன். பதிலே இல்லாமல்தான் அவரை அனுப்பினேன்.